ஆடியில் அம்பலமான கண்டுபிடிப்பு

2023 ஜூலை 30, ஞாயிறு. ஆடி மாதம். சங்ககிரியில் ஒரு திருமண மண்டபத்தில், லாரி உரிமையாளர்கள் முன்னிலையில் என் மகள் தன் மென்பொருளை இயக்கிக் காட்டினாள். அன்று மாலையே காணொளி யூடியூபில் வெளியானது.

ஆகஸ்ட் 21, திங்கள். ஆவணி. காப்புரிமைக்கு விண்ணப்பம் அளிக்கப்பட்டது.

2024 பிப்ரவரி 11. என் மனைவி காலமானாள்.

2025 ஜனவரி 20. காப்புரிமை அலுவலகத்தின் ஆட்சேபம் வந்தது. பதிலளிக்க ஆறு மாதம்.

எங்கள் குடும்பத்தின் மடமை முழுவதும் இந்த வரிசையில் அடங்கும். சரக்கு இறக்கிய லாரி வெறும் வண்டியாகத் திரும்பாதபடி, வரும் வழியில் சுமை தேடித் தரும் மென்பொருள் அது. விண்ணப்பம் ஜூலையிலேயே தயார். ஆடியில் புதுக் காரியம் கூடாது என்று தடுத்தவள் என் மனைவி. ஆடியில் கல்யாணம் இல்லை, மண்டபம் சும்மா கிடக்கிறது, அதற்குள் நாலு பேருக்குக் காட்டிவிடலாம் என்று ஏற்பாடு செய்தவளும் அவளே. கைபேசியில் படம் பிடித்து உலகுக்கு வழங்கியவளும் அவளே. புதியதற்கே காப்புரிமை; விண்ணப்பிக்கும் முன் ஊரறிந்தது புதிதாகாது என்பது சட்டம். முனைவர் பட்டம் பெற்ற நான் அப்போது நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆட்சேபத்துக்குக் காரணங்கள் இரண்டு. வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்பது ஒன்று. மற்றது அந்தக் காணொளி. மனைவியின் சேனலில் ஏனையவை ரசப்பொடி செய்முறைகள். என் ஆய்வுக் கட்டுரைகள் எதையும் எந்த அரசு அலுவலகமும் இதுவரை மேற்கோள் காட்டியதில்லை.

அஸ்தம்பட்டியில் பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் மகளின் அலுவலகம். பதில் தயாரிக்க அவளுக்கு இரண்டு மாத வேலை. முதலீட்டாளர் கேட்பார் என்பதைத் தவிர, சிறு நிறுவனத்துக்குக் காப்புரிமையால் என்ன பயன் என்று எங்கள் வழக்கறிஞரே சொன்னதில்லை.

"அந்த வீடியோவ எடுத்துடலாங்களாப்பா? அம்மா போன் உங்ககிட்டத்தான இருக்குது."

"எடுத்தாலும் தேதி மாறாது, சாமி."

"தெரியுமுங்க. போட்டிக்காரன் பாக்காமயாவது இருப்பான்ல."

ரசப்பொடிப் படங்களில் மனைவியின் கைகள் மட்டுமே வரும், பேச்சு இராது. இதில் அவள் குரல் கேட்கிறது: "முன்னாடி இருக்கறவங்க தலைய எறக்குங்க, எம் புள்ள தெரியமாட்டேங்கறா."

"எடுக்க மாட்டேன்" என்றேன்.

அப்போது தொலைபேசி அடித்தது. மகளின் முதல் வாடிக்கையாளர், சங்ககிரி லாரிக்காரர்.

"ஏனுங்க அம்மிணி, நாமக்கல்லுல ஒருத்தன் உங்குளுத மாதிரியே ஒண்ணு போட்டிருக்கான், தெரியுமுங்களா?"

"தெரியாதுங்களே. அதைய நீங்க போட்டுப் பாத்தீங்களா?"

"சும்மா ருசி பாத்தமுங்க. வண்டி மேட்டூர்ல காலியா நிக்குது. கூப்பிட்டா அவன் எடுக்க மாட்டேங்கறான். நீங்க சொல்லுங்க, லோடு எங்கிருக்குது?"

மகள் சிரித்துவிட்டாள். ஆட்சேபக் கடிதத்தைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டு, சுமை தேடிக் கொடுத்தாள்.

"பதில் வேண்டாமுங்கப்பா. அந்த ரெண்டு மாசத்த இவிங்களுக்கே குடுத்தர்றேன்."

இன்னும் செய்யாதவை:

வழக்கறிஞரிடம் இதைச் சொல்வது.

முதலீட்டாளருக்கான அறிக்கையிலிருந்து 'காப்புரிமை நிலுவையில்' என்னும் வரியை நீக்குவது.

காணொளிக்கு ஒரு பிரதி எடுத்துவைப்பது.

மனைவியின் எண்ணுக்கு ரீசார்ஜ்.