அரிசிக்கடையில் ஒரு மணல் என்ஜினீயர்

எழுபதுகளில் சங்கரன்கோவில் அரிசிக்கடையில் அவரை அடிக்கடி பார்ப்பேன். நரைத்த கிருதா, தேய்ந்த பூட்ஸ். வடக்கே ஆற்றங்கரையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்ஜினீயர். கடைக்காரர் அளந்து வைத்த படியை இவர் நாலு தட்டுத் தட்டுவார், அரிசி இறங்கும். முகத்தைச் சுளித்தபடி கடைக்காரர் மேலும் போட வந்தால், கையால் படியை மூடிக்கொள்வார்.

“கூட வேண்டாம்னா எதுக்கு அண்ணாச்சி தட்டுதிய?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஈர மணலும் இப்படித்தாம்வே. பொலபொலன்னு கெடந்தா, பூமி ஆடும்போது கஞ்சியாயிரும். மேல நிக்கிற வீடு உள்ள இறங்கிரும். முன்னாடியே அதிரவச்சு இறுக்கிட்டா தாங்கும்.”

“நமக்கென்ன, இங்கன மணலா, கரிசல் மண்ணுல்லா?”

“அங்கன பாலத்துக்கெல்லாம் மணல இறுக்கிக் குடுத்தேன். அங்கனயே இருந்த என் வீட்டுக்கு இறுக்கல. ஒருநாள் பூமி ஆடிட்டு” என்றார், இறங்கிய அரிசியைப் பார்த்தபடி.

இன்றும் டப்பாவில் அரிசி கொட்டினால், என் கை தானாகத் தட்டுகிறது.