பல் பதிந்த சொல்

கெசாயா தர்ட்டில் என்பவள் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், எங்கள் ஊர்ப் பண்ணையில் கல் பொறுக்கிப் பிழைத்தவள். அவள் தம்பி ஜேபஸ் அங்கேயே குதிரை ஓட்டினான். உழுத மண்ணில் கட்டி உடைக்க, இரும்புப் பற்கள் வைத்த சட்டத்தைக் குதிரையில் பூட்டி இழுப்போம். அதற்குப் பெயர் ஹாரோ. அதை ஓட்டுவதையும் ஹாரோ என்போம். மனசைக் கிழிக்கிற வேதனைக்கும் எங்கள் பேச்சில் அதே சொல்தான். யாரும் யோசித்துச் சொல்வதில்லை.

பிரான்சில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம். மார்ச் மாதக் காலையில் கவுதாரிக் கூட்டம் ஒன்று சடசடவென்று எழும்ப, குதிரை மிரண்டது. ஜேபஸ் முன்னால் ஓடி மறித்தான். கால் இடறி விழுந்தான். ஹாரோ அவன் மேல் ஏறிப் போனது.

வேலியோரம் நின்ற கெசாயாதான் ஓடிவந்து குதிரையை நிறுத்தி, சட்டத்தைத் தூக்கினாள்.

"அக்கா, குதிரைக்கு அடி பட்டுச்சா?" என்று கேட்டானாம். அதற்கப்புறம் பேச்சில்லை.

அடக்கம் முடிந்ததும் பண்ணைக்காரர் ப்ரட்டியிடம் போய் நின்றாள்.

"தம்பி வேலைய எனக்குக் குடுங்க."

"பைத்தியமா உனக்கு? அதே ஹாரோவையா?"

"ஆம்பளைங்க எல்லாம் சண்டைக்குப் போயாச்சு. வேற யாரு இருக்கா உங்ககிட்ட?"

கொடுத்தார். ஊர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றது. "மண்ணுல ரத்தம் காயல, அதுக்குள்ள கடிவாளம் பிடிச்சுட்டா" என்று என் மனைவியே சொன்னாள். கெசாயா என்னிடம் சொன்னது வேறு.

"சும்மா இருந்தா, பல்லு கல்லுல உரசுற சத்தம் காதுக்குள்ள கேக்குதுண்ணே. நானே ஓட்டினா, அது வெளியிலேருந்து வருது. அதான்."

ஈஸ்டர் பிரசங்கத்தில் பாதிரியார், கிறிஸ்து பாதாளத்தை ஹாரோ செய்தார் என்று சொன்னார். கெசாயா எழுந்து வெளியே போய்விட்டாள். மறுநாள் பாதிரியார் வயலுக்கே வந்தார். நான் பக்கத்தில் வேலி கட்டிக்கொண்டிருந்தேன்.

"கெசாயா, நான் சொன்னது வேற சொல்லும்மா. படை புகுந்து கொள்ளையடிக்கறதுக்கு ஒரு பழைய வார்த்தை உண்டு. அது தேஞ்சு இப்படி ஆயிடுச்சு. அவர் பாதாளத்துக் கதவ உடைச்சு, உள்ள கிடந்த செத்தவங்கள வெளிய கூட்டிட்டு வந்தார். அதுல பல்லு கிடையாது."

"அப்ப நெஞ்சை ஹாரோ பண்ணுதுன்னு சொல்றாங்களே, அது?"

அவர் தொப்பியைக் கையில் திருகினார். "அது... வயல்லேருந்து வந்ததுதான்."

"அப்படின்னா அந்தச் சொல்ல முதல்ல சொன்னவன் பார்த்திருக்கான்யா. நான் பார்த்த மாதிரி."

அவள் குதிரையைத் தட்டினாள்.

சண்டை முடிந்து ஆட்கள் திரும்பி வந்தும் அவள் அந்த வேலையை விடவில்லை. வயலின் நடுவில் ஓரிடம் வந்தால் மட்டும் குதிரையை வளைத்து ஓட்டுவாள். ஒரு கட்டில் அகலத்துக்கு மண் தொடப்படாமல் கிடக்கும். சுற்றிலும் பார்லி எழும்பும், அங்கே முட்செடி. ப்ரட்டி கணக்குப் பார்க்கிற மனுஷன், பிடி மண்ணை வீணாக்க மாட்டார். அதைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவே இல்லை.

கெசாயா குளிர்காய்ச்சலில் போய்ச்சேர்ந்த அடுத்த வசந்தத்தில் ப்ரட்டியின் மகன் டிராக்டர் வாங்கினான். வயல் முழுக்க நேராக ஓட்டினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. சொல்லலாம் என்று வேலி வரை போனேன். வண்டி அந்த இடத்தைத் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினேன்.