சூரியோதயம் சரிபார்க்கும் வேலை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டுப் பரளச்சியில் சும்மா இருந்தேன். முழுச் சும்மா என்று சொல்ல முடியாது. அப்பாவோடு மல்லிக்காட்டுக்குப் போவேன். அவர் களை எடுப்பார், நான் வரப்பில் நின்று மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பேன். இதுவும் ஒரு வேலைதான் என்பது என் எண்ணம். அப்பா அப்படி நினைக்கவில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீசில் எனக்கு இடம் சொல்லி வைத்துவிட்டார். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று எழுதும் வேலை. அடுத்த மாதம் சேர வேண்டும்.

அந்த நேரத்தில்தான் என் கல்லூரி சீனியர் என்னைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்தார். பாலவனத்தத்துக்காரர். மெட்ராசில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, அருப்புக்கோட்டையில் சொந்தக் கம்பெனி தொடங்கியிருந்தார். கம்ப்யூட்டரில் ஜாதகம் கணித்துத் தரும் கம்பெனி.

"தம்பி, நீ எங்கிட்ட வந்துரு. சிஸ்டம் மேனேஜர் போஸ்ட்டு ஒனக்குத்தான்," என்றார்.

"கம்பெனியில இப்ப எத்தன பேரு இருக்காக, அண்ணே?"

"நான் இருக்கேன். நீ வந்தா நீயும் இருப்ப."

"சம்பளம்?"

"வர்றதுல பாதி."

"எவ்வளவு வருது?"

"இனிமேத்தான் வரணும்."

இதை அப்படியே வீட்டில் சொன்னேன். கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அப்பா கையில் இருந்த மண்வெட்டியைச் சுவரோரம் சாத்திவிட்டு, "ஏலே, மில்லுன்னா சங்கு ஊதும். மில்லு இருக்குறது ஊருக்கே தெரியும். இந்தக் கம்பெனி இருக்குன்னு ஒனக்கும் அவுகளுக்கும் தவிர யாருக்குத் தெரியும்?" என்றார்.

திருச்சுழி ஜோசியரைக் கேட்காமல் அம்மா கோழிக்கு அடைகூட வைக்க மாட்டாள். ஜோசியரோ காசிக்குப் போயிருந்தார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "அந்தத் தம்பி வச்சிருக்கதே ஜோசியக் கம்பெனிதான? அங்கேயே கேட்டுட்டா என்ன?" என்றாள்.

"வேல குடுக்குறவன்கிட்டயே போயி, ஒங்கிட்ட வேலைக்குச் சேரலாமான்னு கேக்கவா?" என்றார் அப்பா.

"அந்தத் தம்பியா சொல்லப் போகுது? மிசினுல்ல சொல்லப் போகுது."

மூவரும் பஸ் ஏறினோம். கம்பெனி ஒரு வத்தல் கமிஷன் கடையின் மாடியில் இருந்தது. கீழே மூட்டை மூட்டையாக மிளகாய் வத்தல். பாதிப் படியில் அப்பா வரிசையாகத் தும்மினார். அம்மா நின்றுவிட்டாள். "சகுனம் சரியில்லையே," என்றவள், அடுத்த படியில் தானும் தும்மி, "நெடிதான்," என்று சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறிவந்தாள்.

சீனியர் செருப்பை வெளியே விடச் சொன்னார். மேசை மேல் கம்ப்யூட்டர் ஒரு பூப்போட்ட துணிக்குள் இருந்தது. துணியை எடுத்ததும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பெறந்த நேரம் சொல்லுங்கம்மா."

"விடியுறதுக்கு முன்னாடி. மாட்டுல பால் பீச்சுற நேரம்."

"மணி எத்தன?"

"எங்க வீட்ல அப்ப ஏது கடியாரம்? மொத பஸ்ஸு போயிருச்சு, அது தெரியும்."

"அப்ப அஞ்சரைன்னு போட்டுக்கிருவோம்," என்றார் சீனியர்.

தகரத்தைப் பிறாண்டுவது போலக் கத்திக்கொண்டு பிரிண்டர் தாளைத் தள்ளியது. சீனியர் அதைக் கிழித்தெடுத்துப் பெருமையாக வாசிக்கத் தொடங்கினார். "நற்குணம் உடையவர். இனிப்பில் விருப்பம் உள்ளவர்."

"சரியாச் சொல்லுதே," என்றாள் அம்மா.

"பெற்றோர் சொல் தட்டாதவர். இக்காலத்தில் நண்பர்கள் பேச்சை நம்பிப் புதிய தொழிலில் இறங்க வேண்டாம்."

வாசித்த வேகத்தில் நிறுத்த முடியாமல் போய்விட்டது. அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப வாரோம், தம்பி."

சீனியர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மிசினின் மரியாதையைக் காப்பாற்றுவதா, என்னைத் தக்கவைத்துக்கொள்வதா என்று அவர் தவித்தது நன்றாகத் தெரிந்தது. கடைசியில், "அம்மா, அந்த வரிய எழுதுனதே நான்தான்," என்றார். "ஒரு பழைய புஸ்தகத்தப் பாத்து டைப் அடிச்சு வச்சேன். சனி தசை நடக்குற எல்லாருக்கும் அந்த வரிதான் வரும்."

அதுவரை சுவரில் சாய்ந்திருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒங்களுக்கு என்ன தசை, தம்பி?"

"எனக்கும் சனிதான்யா."

"அப்ப ஒங்களுக்கும் ஒண்ணு அடிங்க, பாப்போம்."

அடித்தார். அதே வரி வந்தது. அப்பா தாளை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "மொதலாளியும் எறங்கக் கூடாது, வேலைக்காரனும் எறங்கக் கூடாதுன்னா, கம்பெனிய யாருப்பா நடத்துறது?" சீனியரும் சிரித்துவிட்டார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப இனிப்புப் பிடிக்கும்னு வந்துச்சே?"

"அதுவும் நான் எழுதுனதுதாம்மா."

அம்மாவின் முகம் வாடிவிட்டது.

இதற்குள் நான் என் ஜாதகக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே, சூரியோதயம் ஆறு மணி என்று இருந்தது. நான் தை மாதத்தில் பிறந்தவன். சீனியர் ஆனி மாதம். அவர் தாளிலும் ஆறு மணி.

"அண்ணே, எல்லா நாளும் ஆறு மணிக்கா விடியுது?"

"இப்போதைக்கு."

"எல்லா ஊருக்குமா?"

"அதச் சரி பண்ணத்தான ஒன்னையக் கூப்புடுறேன்."

எங்கள் டிகிரியில் வானியல் என்று ஒரு பேப்பர் உண்டு. பரீட்சை எழுதிய மறுநாள் மறந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் படித்தோம். அதை ஒருவர் காரியமாகக் கேட்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அங்கேயே பேனா வாங்கி, அந்தத் தாளின் பின்பக்கம் பரளச்சிக்கு விடியும் நேரத்தைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். அம்மா இரண்டு தரம் கூப்பிட்டாளாம், எனக்குக் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மில்லுல என்ன வேல பாப்ப?"

"ஆளுக வர்ற நேரத்த எழுதணும்."

"இங்க?"

"சூரியன் வர்ற நேரத்தக் கண்டுபிடிக்கணும்."

கண்டக்டரிடம் மூன்று டிக்கெட் வாங்கினார். பிறகு, "சூரியன் லீவு போடாது," என்றார். இறங்கும்போது, "ஒரு வெள்ளாம பாரு. வெளையலன்னா மில்லு இருக்கு."

சேர்ந்தேன். உதயத்தைச் சரிசெய்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பாதி நாள் கரண்ட் இருக்காது, மீதி நாள் நான் போட்ட கணக்கில் தப்பிருக்கும். சரியானதும் முதலில் வந்தவர் காரியாபட்டிக்காரர். மகளுக்கு ஏற்கெனவே எங்களிடம் ஜாதகம் வாங்கிச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார். இன்னொரு பிரதி கேட்டார். புதுக் கணக்கில் பெண்ணின் லக்னம் தள்ளிப்போய், அதுவரை இல்லாத செவ்வாய் தோஷம் வந்து உட்கார்ந்துகொண்டது. விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, மண்டபம் பேசியாச்சு. பழைய சூரியனையே போட்டுக் குடுங்க."

முடியாது என்றேன். சீனியர் என்னை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்தபோது பிரிண்டர் ஓடி ஓய்ந்திருந்தது, காரியாபட்டிக்காரர் படியிறங்கிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு எங்களுக்கும் பத்திரிகை வைத்தார். நானும் போனேன். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்ததில் எனக்கு நிம்மதியாகச் சாப்பாடு இறங்கியது.

கம்பெனி இரண்டு வருஷம் போலத் தாக்குப் பிடித்தது. அதற்குள் பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்டு கம்ப்யூட்டர் ஜாதகம் வந்துவிட்டது. சீனியர் திருப்பூர்ப் பக்கம் போய் பனியன் கம்பெனிகளுக்குப் புரோகிராம் எழுதினார். நான் மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மனுப் போட்டேன். இதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள், சூரியன் உதிக்கும் நேரம் கணித்தேன் என்றேன். கேட்டவர் எழுந்துபோய் உள்ளே இருந்த இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து, "இவுகளுக்கும் சொல்லுங்க," என்றார். சாயங்காலம் வரை சொன்னேன். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.