இடது பக்க சிக்னலும் ஒரு கத்தரிக்கோலும்

போன செவ்வாய்க்கிழமை நடுத்தெருவில் வைத்து எனக்கு ஏச்சு விழுந்தது. ஏசுவதற்கான காரணத்தை எடுத்துக் கொடுத்தவனே நான்தான்!

இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காலி ஊர் வரை போகிற எங்கள் காலி வீதியில் சிக்னல் போடாமல் திரும்புகிறவர்களைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். எழுதினேன் என்ன... திட்டித் தீர்த்தேன். 'அவர்களுடைய லைசன்ஸை வாங்கி, அவர்கள் கண் முன்னாலேயே வெட்டிப் போட வேண்டும். கத்தரிக்கோலை நான் தருகிறேன்' என்று முடித்திருந்தேன்.

சரி. செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

இரத்மலானைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்குகிற எங்கள் ஒழுங்கைக்குள் இடது பக்கம் திரும்ப வேண்டும். சிக்னலைப் போட்டேன். திருப்பினேன். கிரீச்...!

சாப்பாடு கொண்டுபோகிற மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் என் காரின் இடது கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறார். ஆள் விழவில்லை. முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது. ஒரு சிக்னல் போட்டால் கை முறிந்துவிடுமா என்று சிங்களத்தில் கேட்டார். கடைசியில் 'ஐயா' என்கிற மாதிரி ஒரு 'மஹத்தயா' வேறு. மரியாதையாக ஏச்சு வாங்குவது இன்னும் மோசம்.

"போட்டேன் ஐசே!" என்று நானும் கத்தினேன். அவர் என் காரின் முன் லைட்டைக் கையால் காட்டினார். அங்கே ஒன்றும் மின்னவில்லை.

ஒழுங்கை முனையில் பேப்பரும் வாழைப்பழமும் விற்கிற சிவம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் பத்தியை எனக்கு முன்னமே வாசிக்கிற மனிதர் அவர்.

"ஐயா, கத்தரிக்கோல் கொண்டு வரட்டோ?"

பழம் வாங்க நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

"நான் சிக்னல் போட்டனான் சிவம். சுவிட்ச்தான் பிழை."

"ஓம் ஐயா. பொலிசிட்ட எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை."

எப்படி இருக்கும் எனக்கு? நான் ஆயிரம் பேரைத் திட்டியிருக்கிறேன். ஆனால் ஊருக்குச் சொன்னதை நானே செய்யவில்லை என்று ஒருவர் சொல்ல விட்டதில்லை. சுவிட்ச்தான் குற்றவாளி என்று நிரூபித்தே ஆக வேண்டும் என்று வீட்டுக்கு வந்தேன்.

மனைவி சாந்தியைக் கூப்பிட்டுக் காருக்கு முன்னால் நிறுத்தினேன். அவர் வங்கியில் வேலை செய்தவர். ஆதாரம் இல்லாமல் எதையும் நம்ப மாட்டார், என்னையும் சேர்த்து.

"வலது... மின்னுதோ?"

"ஓம்."

"இடது?"

"இல்லை."

"வடிவாப் பாரும்!"

"இல்லாததை வடிவாப் பாத்தா வருமோ?"

சிக்னல் தடியை விரலால் அரைவாசியில் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு தடவை மின்னியது. விட்டால் செத்தது. இத்தனை நாளாக 'டிக் டிக்' சத்தம் கேட்கவில்லையே, அது ஏன் எனக்கு விளங்கவில்லை என்றேன்.

"நீங்கள் போடுற சத்தத்துக்குள்ள டிக் டிக் எங்க கேக்கிறது? கோவத்தில அந்தத் தடியை அடிச்சு அடிச்சே உடைச்சுப் போட்டியள்."

தீர்ப்பு வந்துவிட்டது, விசாரணைக்கு முன்னமே!

வெள்ளவத்தையில் இருக்கிற கராஜ்காரர் எல்லோரோடும் நான் ஏற்கனவே சண்டை பிடித்து முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பவர் கொட்டாஞ்சேனையில் நிஸாம் மட்டும்தான். அடுத்த நாள் காலையில் புறப்பட்டோம். சாந்திதான் இடது பக்க சிக்னல். நான் "இடது!" என்றதும் ஜன்னலுக்கு வெளியே வளையல் கையை நீட்டி ஆட்டுவார். ஒரு பஸ் கொண்டக்டர் தனக்குத்தான் கை காட்டுகிறார் என்று நினைத்துப் பஸ்ஸை நிறுத்தியே விட்டார். அவரிடமும் ஏச்சு.

நிஸாமுக்கு வாய் பெரிது. காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை.

"பல்ப் போயீக்கி சேர். அஞ்சு நிமிஷம்."

"முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு பல்பும் ஒரே நாளில செத்ததோ?"

"சில நேரம் அப்பிடியும் சாகும் சேர்."

மாற்றினார். மின்னவில்லை. ஃபியூஸ் என்றார். ஃபியூஸ் நல்லாக இருந்தது. கீழே எங்கேயோ வயர் அறுந்திருக்கும், டேஷ்போர்ட்டைக் கழற்ற வேண்டும் என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் கொட்டாஞ்சேனையிலும் எனக்குக் கராஜ் இல்லாமல் போயிருக்கும்.

அப்போதுதான் சாந்தி உள்ளே கையை விட்டு, சிவப்பு முக்கோணம் போட்ட அந்தப் பட்டனை அமத்தினார். இடது, வலது, முன், பின்... நான்கும் ஒன்றாக மின்னின.

"தம்பி, பல்பும் வயரும் பிழையெண்டா இது எப்பிடி மின்னும்? இனி மிச்சம் அந்தத் தடிதானே?"

நிஸாம் உடனே தலையாட்டினார்.

"அதுதான் மேடம், நானும் முதல்லயே சுவிட்ச் எண்டு சொன்னேனே!"

எந்தக் காலத்தில் சொன்னார்? சண்டை பிடிக்க எனக்கு நேரமில்லை. என் மானம் ஸ்டியரிங்குக்குக் கீழே கிடந்தது.

பேட்டரியைக் கழற்றி வைத்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற கவரின் ஆணிகளைக் கழற்றினார். சிக்னல் தடியை அடியோடு இழுத்து எடுத்தார். நான் சாந்தியைப் பார்த்தேன். தடி உடைந்திருக்கிறதா? இல்லை! ஒரு கீறல் கூட இல்லை!

"பாத்தீரோ? நான் அடிச்சு உடைக்கேல்ல!"

நிஸாம் அதன் மூடியைத் திறந்தார். உள்ளே பித்தளைத் தகடுகள் ஒன்றோடொன்று தொட வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கட்டிபட்டுப் போயிருந்தது. விரலால் தொட்டார். மணந்து பார்த்தார்.

"சேர்... இது உங்கட கோயில் சாமான்."

திருநீறு!

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமைகளில் சாந்தியைக் கோவிலுக்குக் கூட்டிப்போவேன். காலி வீதியில் காரை விட இடம் ஏது? அவர் உள்ளே போவார். நான் என்ஜினை ஓட விட்டுக்கொண்டு, பின்னால் ஹோர்ன் அடிக்கிறவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டு வெளியே இருப்பேன். அவர் திரும்பி வந்ததும் என் பக்க ஜன்னலால் கையை விடுவார். "தலையைக் காட்டுங்கோ" என்பார். "முதல்ல ஏறும், பொலிஸ் வருது!" என்று நான் தலையை இழுத்துக்கொள்வேன்.

எடுத்த திருநீற்றை வீணாக்கலாமா? ஜப்பான் காரில் சிக்னல் தடி வலது பக்கம், ஜன்னலுக்குக் கிட்டவே இருக்கிறது. அதில் பூசிவிடுவார். உள்ளங்கையில் மிச்சம் இருக்கிற தீர்த்தத்தையும் அதன் மேலேயே தெளித்துவிடுவார். வாரா வாரம்... தூளும் தண்ணீருமாக உள்ளே இறங்கி, சீமெந்து மாதிரி இறுகிவிட்டது!

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. "இப்ப ஆர் உடைச்சது? சொல்லும் பாப்பம்!" என்றேன், கராஜ் முழுக்கக் கேட்கும்படி.

சாந்தி அசையவே இல்லை.

"திருநீறு தலைக்கெண்டுதான் கொண்டு வந்தனான். தலை வேண்டாமெண்டது. பிறகு எங்க பூசுறது?"

"அதுக்காக சிக்னலிலயோ?"

"நீங்கள் ஓடுற ஓட்டத்துக்கு ஆரையாவது காப்பாத்தச் சொல்ல வேணுமே."

நிஸாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பழைய கார்களின் ஸ்பெயார் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பப் போவதாகச் சொல்லி நழுவினார்.

கழற்றின ஜப்பான் கார் ஒன்றின் சுவிட்ச் வந்தது. அந்தக் காருக்கு முன்னால், பனிமூட்டத்தில் போடுகிற பனி லைட் இருந்திருக்கிறது. அதைப் போடுவதற்குத் தடியில் ஒரு வளையம். எங்கள் காருக்குப் பனி லைட் இல்லை. ஆகவே அந்த வளையம் ஒன்றுக்கும் உதவாது. பரவாயில்லை... இப்போது கோபம் வந்தால் அதைத் திருகுகிறேன். ஒருவருக்கும் நட்டமில்லை.

பூட்டி முடித்து, இடது பக்கம் தட்டினோம். டிக்... டிக்... டிக்... சங்கீதம்!

வரும்போது எங்கள் ஒழுங்கைக்கு மூன்று கடை இருக்கும்போதே சிக்னலைப் போட்டேன். சிவத்தின் கடை முன்னால் வேண்டுமென்றே காரை நிறுத்தி மின்ன விட்டேன். பழைய சுவிட்சை ஜன்னலால் நீட்டிக் காட்டினேன், உள்ளே இருந்த திருநீற்றோடு. சிவம் அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"சுவிட்ச்தான் பிழை. சரி ஐயா, கத்தரிக்கோலை உள்ளுக்கு வைக்கிறன்."

பிறகு சாந்தியைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, திருநீறு வேலை செய்திருக்கு. அந்த மோட்டார் சைக்கிள் பெடியன் விழேல்லையே!"

நான் சிக்னலை மின்ன விட்டபடியே ஒழுங்கைக்குள் திருப்பினேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. அதே கோவில், அதே ஹோர்ன் சத்தம், அதே பொலிஸ். சாந்தி வந்தார். நான் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினேன்.

சுவிட்ச் போனால் வேறு வாங்கிப் பூட்டலாம். தலைக்குப் பஞ்சிகாவத்தையிலும் ஸ்பெயார் கிடையாது!