அவர் ஏன் சோற்றை ஒதுக்கினார்?

கொல்லிமலைக்கு பஸ் வராத காலம். மலைமேல் தேவனூர் நாடு என்ற ஊர்த்தொகுதியில் மளிகைக்கடை வைத்திருந்த என் கணவர் இருபத்தைந்து வயதிலேயே நல்ல பருமன். திடீரென்று பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு, தினமும் மாலையில் வெளியே கிளம்பினார். வேறெங்கோ சாப்பிடுகிறார் என்ற சந்தேகத்தில் ஒருநாள் பின்தொடர்ந்தேன். மூச்சிரைக்க ஒரு மேட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, யாரு ஊட்டுக்குப் போறீங்க?" என்றேன்.

"எங்கயும் இல்ல கண்ணு. பக்கவாதத்துல படுத்த எங்கண்ணனும் என் வயசுல இப்படித்தான் இருந்தாரு. இப்பவே எடையைக் குறைக்காட்டி எனக்கும் வாதமோ மாரடைப்போ வரலாம்னு சேலத்து டாக்டர் சொல்லிட்டாரு. நீ பயந்துக்குவேன்னு சொல்லல."

அவர் இளைப்பதைப் பொறுக்காமல், சோற்றுக்கடியில் அவருக்குத் தெரியாமல் நெய் ஊற்றி வந்தவள் நான். அன்றிலிருந்து அவர் போதும் என்றால் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறேன்.