டிஷ்ஷில் கிளி உட்காரவில்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நான் பத்தாவது வரை படித்தவன். வாடிப்பட்டியில் சின்னதாகக் கேபிள் டி.வி. நடத்துகிறேன். கம்பம் ஏறிப் பழகிய கைக்குப் பேனா பிடிக்கக் கூச்சமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய தயக்கம், இது சாமி விஷயம். ஒரு வார்த்தை கூடிக் குறைந்து போய்விட்டால் மீனாட்சிக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்? ஆனால் போன மாதம் ஒரு டீக்கடையில், என்னை யாரென்று தெரியாத ஒருவர் என் கதையையே என்னிடம் சொன்னார். அதில் ஒரு பச்சைக்கிளி பறந்து வந்தது. இனிமேல் பொறுக்கக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து, சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு நானும் என் மனைவியும் மதுரைக்குப் போய்விடுவோம். அம்மன் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் பெண்கள் எல்லாரும் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். பலர் தாங்களே கட்டிக்கொள்வார்கள். என் மனைவிக்கு நான்தான் கட்ட வேண்டும். கூட்டம் நெரித்தாலும் சரி, வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி, அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டாள்.

இது நடந்த வருடம் குழாயடியில் வழுக்கி விழுந்து அவளுக்குக் கால் முறிந்துவிட்டது. முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. மதுரைக்குப் போக முடியாது என்று தெரிந்ததும் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டி.வி.யில பாத்துக்கிறலாம்ல? கேபிள்காரன் பொண்டாட்டிக்கு இதுகூடக் கெடைக்காதா?" என்றாள். அதோடு விட்டாளா? கோயிலுக்குப் போக முடியாத தெருப் பெண்கள் அத்தனை பேரையும் எங்கள் வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டாள்.

நேரம் பார்த்து, எங்கள் எதிர்வீட்டு மாடியில் ஒரு போன் டவர் வந்தது. புதிதாக வந்திருக்கும் வேகமான நெட்டுக்காக என்றார்கள். ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். ஆனால் டவரை ஓடவிட்ட அன்றிலிருந்து, என் மாடியில் இருக்கும் பெரிய டிஷ்ஷில் வரும் படமெல்லாம் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பித்தது. கல்யாணத்தை நேரலையாகக் காட்டும் பக்திச் சேனல்தான் ரொம்ப மோசம். அம்மன் முகம் ஒரு பக்கம், மாலை ஒரு பக்கம். டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்தேன், வயரை மாற்றினேன், சூடம் கூடக் காட்டினேன். திருவிழா கொடியேறிய பிறகு ஒருநாள் அந்தச் சேனல் அடியோடு இருண்டுவிட்டது.

டவரைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் சண்டைக்கே போனேன். அவன் சிரித்தபடி என்னை உட்காரவைத்தான்.

"அண்ணே, வானத்துல ஓடுற அலைக்கும் ரோடு மாதிரி எடம் பிரிச்சுக் குடுத்திருக்காக. முன்னாடி உங்க சேனலுக இருந்த எடத்துல கொஞ்சத்த இப்ப போனுக்குக் குடுத்துட்டாக. அங்கன இருந்த சேனல் எல்லாம் மேல தள்ளிப் போகணும். உங்க சாமி சேனலு வீடு மாறிப் போயிருச்சுண்ணே. நீங்க இன்னும் பழைய வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு இருக்கீக."

"சொல்லாமக் கொள்ளாமயா போவாக?"

"சொல்லியிருப்பாகளே. கீழ எழுத்து ஓடியிருக்குமே."

எனக்குச் சுருக்கென்றது. ஓடியது உண்மைதான். 'கேபிள் ஆபரேட்டர்கள் கவனத்திற்கு' என்பதுவரை தெரியும், அதற்கப்புறம் கட்டம். ஏதோ அன்னதானத்துக்கு உதவி கேட்கிறார்கள் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விட்டுவிட்டேன்!

சேனலின் புது எண்ணைச் சோழவந்தான் பக்கம் கேபிள் நடத்தும் நண்பர் சொன்னார். ஆனால் அதைப் போட்டாலும் படம் உடைந்துதான் வந்தது. டவர் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், டிஷ்ஷின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தலைக்கு முன்னால் ஒரு ஃபில்டர் மாட்ட வேண்டும் என்றான் தம்பி. மாவு சலிக்கிற சல்லடை மாதிரி, அது போன் அலையை நிறுத்திவிட்டுச் சேனலை மட்டும் உள்ளே விடும். மதுரைக் கடையில் கேட்டால், "எல்லாரும் இதையேதான் கேக்குறாக. சென்னையில இருந்து வரணும். கல்யாணத்தன்னைக்குக் காலையில பஸ்ஸுல போட்டு விடுறேன்" என்றார் கடைக்காரர்.

"அதுவரைக்கும் போன்ல பாத்துக்கிறலாமே" என்று மனைவியிடம் மெல்லச் சொன்னேன்.

"இந்தா, தெருவே இங்கன வரப்போகுது. நான் மட்டும் உள்ளங்கையில வச்சுப் பாக்கவா? டி.வி.யில வந்தாப் பாக்குறேன். இல்லாட்டி இந்த வருசம் பழைய கயிறே கெடக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாற்றாமல் இருக்கிறவள் இல்லை அவள். அவளே அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

கல்யாணத்தன்று ஃபில்டர் வந்து சேர்ந்தபோது எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. பூவும் மஞ்சளுமாகப் பெண்கள் உட்கார்ந்திருக்க, நடுவில் நாற்காலியில் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு என் மனைவி. டி.வி.யில் வெறும் கட்டம். நான் மாடிக்கு ஓடினேன். ஃபில்டரை மாட்டியதும் பாரம் தாங்காமல் டிஷ்ஷின் தலை சாய்ந்துவிட்டது. துரட்டிக் கம்பை எடுத்து, பக்கவாட்டில் நின்று முட்டுக் கொடுத்துத் தூக்கினேன்.

"வந்துருச்சா?"

"இல்லண்ணே!" என்றாள் எதிர்வீட்டுப் பெண், படிக்கட்டில் நின்று.

"இப்ப?"

கீழேயிருந்து குலவைச் சத்தம்தான் வந்தது. அத்தனை பெண்களும் சேர்ந்து போட்ட குலவை! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையை எடுத்தேன்.

"ஐயோ, போச்சு! அசையாதீகண்ணே!"

மறுபடி தூக்கிப் பிடித்தேன். மறுபடி குலவை. அப்புறம்தான் உறைத்தது. கம்பை விட்டால் படம் போய்விடும். கம்பைப் பிடித்துக்கொண்டே நின்றால் என் மனைவிக்கு யார் கயிறு கட்டுவது?

அந்த நேரத்தில் டவர் தம்பி தடதடவென்று படியேறி வந்தான். கையில் ஒரு கொத்து மஞ்சள் கயிறு. "அக்கா குடுத்துச்சுண்ணே. இத வச்சுக் கட்டிப்புட்டு ஒடனே எறங்கி வரச் சொல்லுச்சு. மாப்பிள்ளை மாடியில நின்னா எப்படிக் கல்யாணம் நடக்கும்னு கேக்குது!"

தெருப் பெண்களுக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்த கயிற்றில் மிஞ்சியது அது. அவன் கம்பைப் பிடித்துக்கொள்ள, நான் பத்துப் பதினைந்து கயிற்றைச் சேர்த்து முறுக்கி, தலையைத் தாங்கிக் கம்பியோடு இழுத்துக் கட்டினேன். நின்றது. எதிர்வீட்டுப் பெண், "அண்ணே, டிஷ்ஷுக்கும் தாலி கட்டிட்டீகளா!" என்று கத்த, வீடே சிரித்தது.

நான் கீழே வந்து நிற்கவும் டி.வி.யில் கெட்டிமேளம் கொட்டவும் சரியாக இருந்தது. அம்மன் முகம் முழுசாக, ஒரு கட்டம் இல்லாமல், மூக்குத்தியோடு. மஞ்சள் கிழங்கு கோத்த புதுக் கயிற்றை வாங்கி அவள் கழுத்தில் கட்டினேன். கை கழுவ நேரமில்லாததால் முடிச்சில் டிஷ்ஷின் கிரீஸ் அப்பிக்கொண்டது.

"கறையாயிருச்சே" என்றேன்.

"இருக்கட்டும், அம்மனுக்குத் தெரியும்" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

வாசலில் தம்பி, அதே கல்யாணம் ஓடும் போனைக் காதோடு வைத்துக்கொண்டும் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டும் தவித்தான். "என்னண்ணே, எனக்கு இன்னும் கட்டலையே!" நெட்டில் கொஞ்சம் பிந்தித்தான் வருமாம். அவன் போனில் கெட்டிமேளம் கேட்டபோது, அவனுக்காக எல்லாரும் இன்னொரு முறை குலவை போட்டார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அம்மனுக்கு இரண்டு தடவை கல்யாணம்.

நடந்தது இவ்வளவுதான். கிளி எதுவும் வந்து டிஷ்ஷில் உட்காரவில்லை. நான் கம்பு பிடித்து நின்றபோது ஒரு காக்கா வந்தது, அதுவும் பக்கத்து மாடியில் வைத்த சோற்றுக்கு. சென்னையிலிருந்து ஃபில்டர் வந்ததும், நான் யாரிடம் சண்டைக்குப் போனேனோ அவனே கயிறு கொண்டுவந்ததும், அவள் கேட்ட நேரத்தில் நான் கீழே நின்றதுமே அம்மன் அருள் என்று நம்புகிறவன் நான். அதற்கு மேல் கிளி எதற்கு?

இதைப் படிப்பவர்கள் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள், சந்தோஷம். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். கிளியைச் சேர்க்காதீர்கள். முடிச்சிலிருந்த கிரீஸ் கறையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.