இடம் விட்ட பெருவிரல்

"இரு கால் பெருவிரல் மூட்டு: புடைத்த எலும்பு சீவி, விரல் நேராக்கப்பட்டது" என்கிறது என்னிடமுள்ள ஆஸ்பத்திரிச் சீட்டு. தேதியின் மேல் மை கொட்டியதில் 1957 என்ற வருடம் மட்டும் தெரிகிறது. மாதம் ஆனி என்பது என் நினைவு. ஆஸ்பத்திரி இருந்த கிருஷ்ணகிரி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது.

என் பெருவிரல்கள் இரண்டும் சாய்ந்து, பக்கத்து விரல்களின் மேல் ஏறிக் கிடந்தன. மெட்டி போடவேண்டிய விரல் அடியில் அகப்பட்டுக்கொண்டது. ஆவணியில் ஓசூர் அத்தையின் மகனோடு எனக்குக் கல்யாணம். அம்மி மிதித்து மெட்டி போட்டால்தான் கல்யாணம் முடிந்ததாக எங்கள் பக்கத்தில் கணக்கு.

"இந்த விரலு எப்படிடி இடம் விடும்?" என்றாள் அத்தை.

"ஆபரேஷன் பண்ணா விடும்னு டாக்டரம்மா சொல்றாங்க அத்தை."

"பண்ணிக்கோ. ஆனா நொண்டிக்கிட்டு வந்தீன்னா என் மவன்தான் உன்னைத் தூக்கிட்டு அக்கினியச் சுத்தணும். ரெண்டு கொடம் தண்ணி தூக்கவே அவனுக்கு மூச்சு வாங்கும்."

ஆடி பிறந்துவிட்டால் கல்யாண நகை செய்யக் கொடுக்கமாட்டார்கள். ஆனி முடியும்போது என் கால்கள் இரண்டும் மாவுக்கட்டில் இருந்தன. அதனால் அத்தை யார் கால்விரலிலோ நூல் சுற்றி மெட்டிக்கு அளவெடுத்துத் தட்டாரிடம் கொடுத்துவிட்டாள்.

ஆடி கடைசியில் கட்டைப் பிரித்தார்கள். பெருவிரல் தன் இடத்தில் நின்றது. பக்கத்து விரலுக்கும் அதற்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஆனால் காலை ஊன்றினால் சுருக்கென்றது. கல்யாணத்துக்குள் ஆறுமா என்ற பயம் முகூர்த்தம் வரை என்னை விடவில்லை.

அம்மியில் வலது காலை வைத்தேன். மெல்ல அழுத்தினேன். வலி இல்லை. இன்னும் அழுத்தினேன். மாப்பிள்ளை குனிந்து மெட்டி போட்டார். சுலபமாக ஏறியது, நான் காலை எடுத்ததும் அதே சுலபத்தில் கழன்று பந்தலில் உருண்டது.

"ஏறலன்னு ஊரையே கூட்டினீங்க. இப்ப நிக்கலியே," என்றார் அவர்.

"வாய மூடிட்டு அதப் பொறுக்குடா," என்ற அத்தை, மெட்டியில் மஞ்சள் நூலைச் சுற்றி என் விரலில் இறுக்கினாள். சிரிப்பில் ஐயர் மந்திரத்தை மறந்து முதலிலிருந்து தொடங்கினார். யாரும் தூக்காமல், நொண்டாமல், நான் அக்கினியைச் சுற்றி வந்தேன்.

அந்த அளவு தன் விரலுடையது என்றே அத்தை சாதித்தாள். அவளுடைய மெட்டியைப் பிறகு ஒருநாள் போட்டுப் பார்த்தேன்; எனக்கே இறுக்கமாக இருந்தது. மாப்பிள்ளையின் விரலில் எடுத்த அளவு என்பது என் ஊகம். அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. தட்டாரோ கடையைக் காலி செய்துகொண்டு பெங்களூர் போய்விட்டார். ஆகவே இது உறுதிசெய்யப்படாத செய்தி.